நெஞ்சுக்குப் போன கை

சக்கரம் என்ற பட்டப்பெயரைச் சொன்னால் அவனை அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. படிக்கட்டு ஏறி இறங்க மட்டும்தான் என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், அதன் கைப்பிடிக் கம்பியின் மேல் ஸ்கேட்போர்டோடு பாய்ந்து வழுக்கி இறங்கிய முதல் ஆள் அவன்தான். முதலில் காவலாளிகள் துரத்தினார்கள். அப்புறம் படம் பிடிப்பவர்கள் துரத்தினார்கள். ஓவியத்திலும் அதே கதைதான். தேய்ந்துபோன ஸ்கேட்போர்டுப் பலகைகளின் அடிப்பக்கத்தில் அவன் வரைந்த முகங்களை ஆரம்பத்தில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இப்போது அவை ஏசி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் சொகுசாக இருக்கின்றன.

இரண்டு தொழிலையும் ஒரே உடம்பில் நடத்த அவன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். இளவயதில் ஒருமுறை வலது மணிக்கட்டு முறிந்து, தூரிகை பிடிக்க முடியாமல் பைத்தியம் பிடிக்காத குறையாகக் கிடந்தான். அதற்குப் பிறகு விழுந்தால் இடது கையைத்தான் ஊன்றுவான். வலது கை, கல்லாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடும் கடைக்காரன் மாதிரி, தானாக மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இடது மணிக்கட்டுக்குள் இன்று எலும்பைவிட இரும்புதான் அதிகம். "இடது கை ரோட்டுக்கு, வலது கை படத்துக்கு" என்று பேட்டிகளில் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து மனைவியும் சிரிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றது.

மூடியிருந்த வங்கியின் வாசலில், மகளைப் பலகையின் முன்பக்கத்தில் ஏற்றி, தான் பின்னால் நின்று, வலது கையால் அவள் தோளைப் பிடித்தபடி மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். கடுகளவு கல் ஒன்று சக்கரத்தில் சிக்கியது. பலகை நின்றது, அப்பனும் மகளும் நிற்கவில்லை. அவன் எழுந்தபோது இடது உள்ளங்கை கிழிந்திருந்தது. வலது கை நெஞ்சில் பத்திரமாக இருந்தது. குழந்தை தன் இடது கையைப் பிடித்துக்கொண்டு அலறியது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"பிடிக்கத்தான் பாத்தேன்," என்றான் வராந்தாவில்.

"நான் எதிர் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்," என்றாள் மனைவி. "தோள்ல இருந்த கையை எடுத்தீங்க. எடுத்து உள்ள வச்சுக்கிட்டீங்க."

"அது நானா செய்யலடி. உடம்பு பழகினது."

"தெரியுது. அதான் பயமா இருக்கு."

வீடு திரும்பும்போது, சாலையைக் கடக்கும் இடத்தில், அவன் பிடித்திருந்த குழந்தையின் விரல்களைச் சத்தமில்லாமல் பிரித்துத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். பழைய வாடிக்கையாளர் நலம் விசாரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நகர்வது போல இருந்தது. சண்டை போட்டிருந்தாலாவது பேரம் பேசியிருக்கலாம்.

மறுநாள், மெத்தைக் கடை வைத்திருக்கும் மச்சானிடம் ஒரு பழைய மெத்தை கேட்டான். மச்சான் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ள, தங்கச்சி வெளிய படுக்கச் சொல்லிட்டாளா?"

"வலது கையை ஊணி விழுந்து பழகணும் மச்சான். நான் எதிர்பாக்காதப்ப தள்ளுங்க."

"இதைக் கல்யாணத்தன்னைக்கே கேட்டிருந்தா ஆசை தீரத் தள்ளியிருப்பேனே!"

தள்ளினார். கை நெஞ்சுக்குப் போனது. மறுபடி தள்ளினார், மறுபடியும் போனது. கையை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு நின்றான். விழும் கணத்தில் அது வளைக்குள் எலி போல உள்ளே ஓடியது. சோபாவில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த மகளுக்கு நல்ல வேடிக்கை. "அப்பா அவுட்!" என்று ஒவ்வொரு தடவையும் கத்தினாள். சுவரில் சாய்த்திருந்த அரைகுறை ஓவியத்தின் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

மச்சான் களைத்துக் கடைக்குப் போனார். சட்டையை உதறிக்கொண்டு நின்றவனை யாரோ பின்னாலிருந்து ஓங்கித் தள்ளினார்கள். குப்புற விழுந்தான். கை நெஞ்சுக்கடியில் கிடந்தது. திரும்பினால் மனைவி.

"அவுட்," என்றாள் மகள், இந்தத் தடவை மெதுவாக.

"எந்திரிங்க," என்றாள் மனைவி.

எழுந்தான், தள்ளினாள். எழுந்தான், தள்ளினாள். தோள்பட்டை மரத்துப்போன பிறகு, ஒருதரம் வலது கை வெளியே வந்தது. அதற்குள் மார்பு மெத்தையில் மோதியிருந்தது. அவன் ஆவலோடு நிமிர்ந்து பார்த்தான்.

"லேட்டு," என்றாள்.

சாயங்காலம் மூவரும் மாவுக்கட்டை டாக்டரிடம் காட்டக் கிளம்பினார்கள். சாலை விளிம்பில் அவன் எதையும் கேட்காமல் ஒதுங்கி நின்றான். அவள் வண்டிகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு மகளை அவனுடைய இடது பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரும்பு வைத்த அந்தக் கையின் விரல்கள் இறுக மூடாது. அவளுக்கு அது தெரியும்.

"நீ அப்பாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றாள் மகளிடம்.

மகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாலையைக் கடந்து முடிக்கும்வரை வலது கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.