காத்துநின்ற பாதை

றஹ்மாவின் வாப்பா ஸெய்னுதீன் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்குத் திருகோணமலையிலிருந்து புஷ்பவதி ரீச்சர் வந்திருந்தார். முன்னறையில் அவருடைய குரல் கேட்டதுமே, குசினிக்குள் நின்ற றஹ்மா இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றித் தட்டத்தில் வைத்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் ரீச்சரிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள். கிண்ணியாவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால், லொறியையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் மிதவையான 'பாதை'யில் துறையைக் கடக்கவேண்டும். பாதையின் கட்டுக்கயிற்றை அவிழ்ப்பது வாப்பாவின் வேலை. மகள் துறைக்கு வரும் ஒழுங்கையில் தெரியும்வரை அவர் கயிற்றைத் தொடமாட்டார்.

"உங்கட ராசாத்தி வந்தாத்தான் பாதை போகுமோ காக்கா?" என்று லொறிக்காரர் கத்துவார்கள்.

"ஓம். அவசரமெண்டா நீந்திப் போங்க."

அவள் ஏறியதும் மடியில் முடிந்துவைத்த கச்சான் கடலையை எடுத்து அவள் கையில் போடுவார். கயிறு இழுத்துத் தழும்பேறிய விரல்கள்.

வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால்தான் றஹ்மாவுக்கு நாக்கு எழும்பாது. பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் பெரியபிள்ளையானபோது அதிலிருந்து தப்ப ஒரு வழி கிடைத்தது. பெரியபிள்ளையை வீட்டோடு நிறுத்தினால் ஏனென்று யாரும் கேட்பதில்லை. வாப்பாவிடம், "எனக்கு இனிப் படிக்க ஏலாது," என்றாள். "கொஞ்ச நாள் யோசி மகள்," என்றதோடு அவர் விட்டுவிட்டார். ரீச்சருக்கோ, கூடப் படித்த பரீனாவிடம் ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள்: வாப்பா மறித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு மாதம், ஏழு மணிப் பாதையை அவர் ஒழுங்கையைப் பார்த்தபடி பிடித்துவைத்திருந்தாராம். பரீனா சொன்னாள்.

ரீச்சர் தேநீரை வாங்கிக்கொண்டார். "நல்ல மனிசன். ஆனா உன்னைப் படிக்க விடாததைத்தான் என்னால மறக்க ஏலாது. சரி, செத்தவரோட என்ன கோபம்."

"வாப்பா மறிக்கேல்ல ரீச்சர். நான்தான் பொய் எழுதினனான்."

ரீச்சர் அவளுடைய தலையைத் தடவினார். "வாப்பாவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதெண்டு சொல்லுறாய். நான் அப்பவே துறையில போய் அவரைக் கேட்டனான். உன்ட துண்டை வாசிச்சும் காட்டினனான். 'ஓம் ரீச்சர், நான்தான் மறிச்சனான், பிள்ளையில பிழையில்ல' எண்டு அவரே சொன்னவர்."

றஹ்மாவுக்கு இது தெரியாது. வாப்பா ஒரு நாளும் இதைப்பற்றிக் கதைத்ததில்லை. ரீச்சர் துறையில் கேட்ட அன்று பின்னேரமும் கச்சான் கொண்டுவந்திருப்பார். அவளும் தின்றிருப்பாள்.

ரீச்சர் பாதையைப் பிடிக்க விடைபெற்றுப் போனார். கொஞ்ச நேரத்தில் றஹ்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். வாப்பாவோடு வேலை செய்த ஆதம்பாவா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்க மாமா."

அவர் கயிற்றைத் திரும்பவும் சுற்றினார். பாதையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரீச்சர், படிக்க ஏலாதெண்டு சொன்னது நான். துண்டில எழுதினது பொய். வாப்பா எனக்காக அதைத் தன்ட தலையில போட்டுக்கொண்டவர்."

இந்தமுறை குரல் அக்கரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

"ஏழு மணிக்கு எங்களை எல்லாம் காக்கவெச்ச மனிசன் மறிப்பாரோ ரீச்சர்?" என்றான் ஒரு லொறிக்காரன்.

ரீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

ஆதம்பாவா கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "ஏறுறியா மகள்?"

"இல்ல மாமா," என்றாள் றஹ்மா. "அவிழ்த்துவிடுங்க."