வாடகைக் கோட்

சீனியம்மாள் செத்து மூன்றாம் நாள், திருநகர் பிளக்ஸ் கடையில் அவளுக்குப் பட்டுச்சேலை கட்டும் வேலை ஆரம்பமானது. கம்ப்யூட்டரில்தான்.

மகன் சூரியபிரகாஷ் வீட்டுமனை புரோக்கர்கள் சங்கத்தின் மாவட்டத் துணை இணைச் செயலாளர். அப்படி ஒரு பதவி இருப்பது, அவன் கேட்ட பிறகுதான் சங்கத்துக்கே தெரியவந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இருபதடி பேனர். மேலே ஒன்பது சங்கத் தலைவர்கள், வலப்பக்கம் கைகூப்பிய சூரியபிரகாஷ், மிச்ச இடத்தில் அம்மா. வீட்டில் இருப்புக்கொள்ளாத அப்பா நல்லகாமனும் கூடவே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வேற படம் இல்லியா?" என்றான் டிசைனர் முத்திருளன்.

திரையில் சீனியம்மாள் ஆரஞ்சு நிற வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்சுமாகப் பனியில் உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டு கிடையாது.

"ஆதார்ல இருக்கறது எங்கம்மான்னு நானே நம்பமாட்டேன். இதுலயே கோட்டை எடுத்துட்டுப் பட்டு மாட்டு. வாயை மூடிரு. பின்னாடி மலை மட்டும் இருக்கட்டும். மணாலி போயிட்டு வந்தது தெரியணும்ல."

போன ஜனவரியில் அவள் வரமாட்டேன் என்றுதான் மல்லுக்கு நின்றாள். "மாட்டுல பால் பீச்ச யாரு இருக்கா? ஐஸப் பாக்கணும்னா பிரிட்ஜத் தொறந்தா போதாது?" ஸ்டேட்டஸ் வைக்கப் பெற்றோர் தேவைப்பட்டதால் மகன் விடவில்லை.

அங்கே போயும் அரைமணி நேரம் வேனை விட்டு இறங்கவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, இறங்கினாள். ஒரு பிடி பனியை அள்ளி மோந்து பார்த்தாள். "ஏங்க, வாசமே இல்ல!" அண்ணாந்தாள். மலைகள் வானம் வரைக்கும் வெள்ளையாகப் போயின. உச்சியில் மட்டும் வெயில். "ஆத்தாடி, இம்புட்டையும் யாரு கூட்டி அள்றது?"

சரிவில் உட்கார்ந்தாள். வழுக்கிக்கொண்டு போனாள். மூச்சிரைக்க ஏறி வந்து மறுபடியும் போனாள். அந்தச் சிரிப்பை நாற்பத்தொரு வருஷத்தில் நல்லகாமன் கேட்டதில்லை. யாரோ இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஏ சீனி, நாலு பேரு பாக்குறாங்க. வாயை மூடு."

மூடிக்கொண்டாள். அப்புறம் வழுக்கவில்லை. அள்ளிய பனியை மட்டும் விடாமல் வேனுக்குள் கொண்டுவந்தாள். ஓட்டல் வரைக்கும் விரல் இடுக்கில் சொட்டிக்கொண்டே வந்தது.

முத்திருளன் சொடுக்கினான். கோட் போய், யாருடைய உடம்பிலோ இருந்த பட்டுச்சேலையும் ஆரமும் வந்தன.

"வாயை மூடிரவாண்ணே?"

நல்லகாமன் எழுந்து வந்தார். "வேணாம்யா. நான் ஒருக்கா மூடச் சொன்னேன், மூடிட்டா. அது போதும்."

"அப்பா, தலைவருங்க இருக்கற பேனருப்பா. நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டும்." அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தக் கோட்டையும் திரும்பப் போட்டு விடுய்யா. பின்னாடி அம்புட்டுப் பனி கெடக்கு. குளுரும்ல அவளுக்கு."