விலகி நில் பிள்ளை

கௌசலா நேற்று மாலைதான் யூரியா எறிந்திருந்தாள். இனி மூன்று நாளைக்குத் தண்ணீர் வயலில் அசையாமல் நிற்க வேண்டும். வாய்க்காலில் அடுத்த முறைத் தண்ணீர் வர இன்னும் எட்டு நாள். உருத்திரபுரத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

பாரிசிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் பிரசாந்தனைத் தவிர. அவர் இங்கே வளர்ந்த காலத்திலும் சேறு படாமல் வரம்பில் நடந்தவர்தான். இன்று மடிப்புக் கலையாத வேட்டியும் தலையில் துவாயுமாக, புது மண்வெட்டியோடு வந்து நின்றார். அதன் அலகில் கடைக்காரன் ஒட்டிய தாள்கூட உரியவில்லை. வீடியோ எடுக்க மகள் மேனுகா கைபேசியோடு நின்றாள்.

“வக்கடையிலை மட்டும் கை வைக்காதேங்கோ அண்ணை. வெட்டினா தண்ணியோடை பசளையும் போயிடும்.”

“எனக்கே படிப்பிக்கிறாய்? நான் இந்த மண்ணிலை பிறந்தவன். போய்ச் சீனியில்லாமல் ஒரு தேத்தண்ணி கொண்டா.”

அவள் தேநீரோடு திரும்பியபோது, வரம்பில் நீர் வடியும் வாயான வக்கடை அகலமாக வெட்டப்பட்டிருந்தது. தண்ணீர் கழிவு வாய்க்காலுக்குள் சரிந்துகொண்டிருந்தது. பிரசாந்தன் குடிதண்ணீர்ப் போத்தலைச் சரித்து நெற்றியில் வியர்வை வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணை செய்து வச்சிருக்கிறியள்?”

“தண்ணி ஓடினாத்தானே பிள்ளை வீடியோ வடிவாயிருக்கும்.”

“மூண்டாவது தரம் எடுக்கிறம் மாமி,” என்றாள் மேனுகா. “முதல் ரெண்டிலையும் வேட்டி சரியில்லையாம்.” பிறகு தகப்பனைப் பார்த்து, “போசர்,” என்றாள்.

“அதென்ன?”

“பிரெஞ்சு மாமி. மற்றவை பாக்கோணுமெண்டு நடிக்கிற ஆக்களைச் சொல்லுறது.”

“அதுக்கெண்டு ஒரு சொல்லே வச்சிருக்கினமோ? அப்ப அங்கையும் கனபேர் இருக்கினம் போல.”

மேனுகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிரசாந்தனுக்குக் காதில் விழுந்ததோ என்னவோ, துவாயைச் சரிசெய்தார்.

கௌசலா தேநீரை வரம்பில் வைத்தாள். அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, வக்கடையில் இறங்கிச் சேற்றை வெட்டி வெட்டிப் போட்டாள். அடைத்து முடித்தபோது பயிரின் அடியில் மண் தெரிந்தது. எறிந்ததில் பாதி மிஞ்சினாலே பெரிய காரியம்.

“கொஞ்சம் விலகி நில் பிள்ளை,” என்றார் பிரசாந்தன் பின்னாலிருந்து. “வீடியோவுக்குள்ளை வாறாய்.”

கௌசலா தன் வயலில், கமராவுக்கு முதுகைக் காட்டியபடி, ஈர மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டே நின்றாள். தேநீரில் ஆடை படிந்தது. அவர் காத்திருந்தார். அவள் விலகவில்லை.