தகரத்துக்குப் பின்னால் ஒரு தையற்கடை

அலுவலகப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தையற்கடைக்காக மேப்பில் நான் போட்டுக்கொடுத்த பக்கத்தைக் கொஞ்சம் பெருமையோடு திறந்தேன். பதினோரு நாள் கழித்து முதல் கருத்து வந்திருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். கீழே யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மூணு தடவ கால் பண்ணேன். எடுத்துட்டு மூச்சு மட்டும் விடறாங்க. பேச இஷ்டமில்லன்னா எதுக்கு நம்பர் போடணும்?'

நாகவல்லி அக்காவின் கடை மாங்காட்டில் எங்கள் குடியிருப்புக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. எட்டுக்குப் பத்து அறை, ஒரு மிதி மிஷின், 'லேடீஸ் டெய்லர்' என்று மட்டும் எழுதிய பலகை. மழைநீர்க் கால்வாய்க்காகச் சாலையைத் தோண்டி, கடை வரிசையை மறைத்துத் தகரம் அடித்து மூன்று மாதமாகிவிட்டது. பின்னால் கடை இருப்பதே போகிறவர்களுக்குத் தெரியாது. "ஆவணி முகூர்த்தமும் இப்டியே போச்சுன்னா, மிஷினை ஊட்டுக்குத் தூக்கினு போய்ட வேண்டியதுதான்" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கடையை மேப்பில் ஏற்றினேன். தகரத்துக்கு நடுவில் எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்று படம் எடுத்துப் போட்டேன். 'நாகவல்லி டெய்லர்ஸ்' என்று பெயர் வைத்ததும் நான்தான். போன் நம்பர் கேட்டபோது அவர் உடனே தரவில்லை. மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். தெரியாதவர்களிடம் நம்பர் போவதில் தயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து இங்கே வந்து நான்கு வருடம். இந்த ஊரில் என் உடம்பை அறிந்தவர் அவர் ஒருவர்தான். என் இடது தோள் ஒரு விரற்கடை இறக்கம் என்பது அவருக்கு நோட்டைப் பார்க்காமலே தெரியும். போன வருடம் எனக்கு மூன்றாவது மாதத்தில் கரு கலைந்துபோனது. அதற்குமுன் தைக்கக் கொடுத்திருந்த தளர்வான சுடிதார்களை எடுத்துக்கொண்டு போய், பிடித்துத் தரச் சொன்னேன். அவர் டேப்பைச் சுற்றினார், அளவைப் பார்த்தார், என் முதுகில் ஒரு முறை கையை வைத்து எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு என்னைக் களைக்கவைத்திருந்த நாட்கள் அவை. அந்த மௌனத்தை எனக்காகவே தைத்த துணி மாதிரி வாங்கிப் போர்த்திக்கொண்டேன். அது அவருக்கு என்னவாக இருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பேருந்திலிருந்து இறங்கி நேராகச் சந்துக்குள் நுழைந்தேன். பக்கத்துக் கடையில் இருதயராஜ் அண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா, மேப்பு! நல்ல வேலை பண்ணி வெச்சிட்டுப் போன. மொதல்ல எடுத்துப் பாத்துச்சு. இப்ப போன் அடிச்சா அந்தம்மா எந்திரிச்சு வெயில்ல வந்து நிக்குது. போனு உள்ள கத்திகினு கெடக்குது."

"ஏண்ணே?"

பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "நாலு வருசமா வந்துகினுகீற, தெரியாதா? அதுக்கு வாய் திக்கும்மா. சொந்தப் பேரைச் சொல்லணும்னா இன்னும் மோசம். மிஷின் ஓடிச்சுன்னா அந்தத் தாளத்துல பேசிரும்."

பெட்டியை மறுபடி துணியில் இறக்கினார்.

"பாவமேன்னு நான் ஒரு தபா எடுத்தேன். லேடீஸ் டெய்லர்னு போட்டுட்டு ஆம்பள பேசறியேன்னு கேட்டு வெச்சிட்டா ஒருத்தி. எனக்கு இது தேவையா சொல்லு."

சிரித்திருப்பேன், வேறொரு நாளாக இருந்தால்.

என்னைப் பார்த்ததும் அக்காவின் கால்கள் மிதியை அழுத்தின. "இன்னாமா, ஆபீஸ் சீக்கிரம் உட்டாச்சா?" நான் ஊசியைப் பார்த்தேன். அதன் கீழே துணி இல்லை. ஊசியில் நூலும் இல்லை. இத்தனை வருடமும் எனக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் அது வெறுமனே ஏறி இறங்கியிருக்கிறது. வேலையிலேயே கண்ணாக இருக்கிறார் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன். வெட்டுத்துணிக் குவியலில் போன் கவிழ்ந்து கிடந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. நம்பரை எடுத்துடறேன். மெசேஜ் மட்டும் அனுப்புங்கன்னு மாத்திடறேன், ரெண்டே நிமிஷம்."

மிஷின் நின்றது. அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து தொண்டையில் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிட என் நாக்கு பரபரத்தது. கடித்துக்கொண்டேன்.

"எ... எடுக்காத."

பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டி மிதித்தார். "இஸ்கூல்ல பேர் கூப்டுவாங்க. உள்ளேன் டீச்சர்னு நான் சொல்றதுக்குள்ள அடுத்த பேருக்குப் போய்டுவாங்க. ஆப்சென்ட்டு. மொத பெஞ்சுல குந்திகினுகீறேன், ஆப்சென்ட்டு. அஞ்சாவதோட நின்னுட்டேன்." கைப்பேசியை நோக்கித் தலையை அசைத்தார். "அந்தப் பொண்ணும் ஆப்சென்ட்டுதான் போட்டுகீது. இருதயராஜு படிச்சுக் காட்டிச்சு."

நான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கியபோது துணிக்குவியலுக்குள் வெளிச்சம் வந்தது. பிறகு மணி. பெயரில்லாத எண்.

அக்கா எழுந்து வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார். பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மிஷின் பலகையில் பாபின்களுக்குப் பக்கத்தில் வைத்தார். என் கைகள் தாமாகவே அதை நோக்கி நகர்ந்தன. இரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"ஹலோ, டெய்லர் கடைங்களா?" சின்னப் பெண்ணின் குரல். பின்னால் லாரிச் சத்தம். "தகரத்துக்கிட்டதான் நிக்கறேன். வழி தெரியல. நாகவல்லி டெய்லர்ஸ்தானே?"

பக்கத்துக் கடையில் இஸ்திரிப் பெட்டி துணியில் இறங்கும் சத்தம் நின்றுவிட்டது.

அக்காவின் கால் மிதியில் இருந்தது. சக்கரம் முதலில் தடுமாறியது, பிறகு தன் வேகத்தைக் கண்டுபிடித்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுமுனையில் இரண்டாவது ஹலோ வரவில்லை. லாரி கடந்துபோயிருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் காத்திருந்தாள்.

"நா..." என்று பெயர் தொடங்கியது.

நூலில்லாத ஊசி ஏறியது, இறங்கியது, ஏறியது.