கோட்டுக்கேற்ற குளிர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் காணப்போகும் மகத்தான கண்டுபிடிப்பு இன்று காலை, மாடி அரங்கில், காபி இடைவேளைக்குச் சற்று முன்பாக வெளியிடப்படும்.

அறிவிப்பை எழுதியவர் இயக்குநர். மேடையேறி வாசித்தவர் இயக்குநர். முதலில் கைதட்டியவரும் அவரேதான்.

கண்டுபிடிப்பு ஒரு நகத்தளவு சிப். வீட்டுக்கு நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையின் முனையில் ஒரு பெட்டி இருக்குமே, அதற்குள் ஒளியை அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, நிறம் பிரிக்க ஒன்று என்று தனிக்குடித்தனம் நடத்தும் உறுப்புகளையெல்லாம் ஒரே சில்லில் கூட்டுக்குடும்பமாக்கியிருந்தார்கள். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்றார் இயக்குநர். தன் உயரத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துச் சிலர் தலையாட்டினார்கள்.

முன்வரிசையில் நெட்வொர்க் கம்பெனியின் கொள்முதல் தலைவி உட்கார்ந்திருந்தார். அவர் சரி என்றால் ஊரெல்லாம் இந்தப் பெட்டி. இல்லையென்றால் இயக்குநரின் நாற்காலி இயக்குநரின் மச்சானுக்கு. பங்குதாரர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். அந்த மச்சான், மனைவியின் தம்பி, சோதனைப் பிரிவின் தலைவர், மேடை ஓரத்தில் நின்று கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தார்.

இயக்குநருக்கு ஒரு வெல்வெட் கோட்டு உண்டு. பெரிய மனிதன் கோட்டைக் கழற்றமாட்டான் என்பது அவர் கொள்கை. கொள்கைக்கு வியர்க்கக் கூடாதல்லவா? ஆகவே ஆய்வகத்தின் ஏசி பதினாறைத் தாண்டியதே இல்லை. பொறியாளர்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்த்தார்கள். சிப்பும் அந்தக் குளிரில்தான் பிறந்தது, தவழ்ந்தது, எல்லாச் சோதனையிலும் நூற்றுக்கு நூறு வாங்கியது.

"ஒரு தடவை சூட்டுல வச்சுப் பாத்துடலாம் அத்தான்" என்று மச்சான் சொல்லத்தான் சொன்னார்.

"நம்ம சிப்பு என்ன ஈரத்துணியா, வெயில்ல காயப்போட?"

மச்சானும் பெரிய தியாகி இல்லை. சொல்லியாச்சு என்று சாப்பிடப் போய்விட்டார்.

இப்போது இழையின் மறுமுனை, புதுச் சிப் வைத்த பெட்டியோடு, இயக்குநரின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. திரையில் மனைவி தெரிந்தாள். கணவரே எழுதிக் கொடுத்த புகழுரையை, மளிகைச் சாமான் படிப்பதுபோல் படித்தாள். "என் கணவர் ஒளியையே கைக்குள்..." படம் கட்டம் கட்டமாக உடைந்து, போயே போய்விட்டது.

இயக்குநர் மனைவியை ஸ்பீக்கர் போனில் பிடித்தார். கோட்டில் குத்தியிருந்த மைக்கை மறந்துவிட்டார்.

"என்னங்க, பெட்டில சிவப்பு லைட்டு எரியுது. தொட்டாச் சுடுது."

"நிழல்ல வை."

"நிழல்லதான் இருக்கு. டிவிக்குப் பின்னாடி நீங்கதானே சொருகிட்டுப் போனீங்க?"

"ஏசியப் போடு."

"உங்க கோட்டு ஒண்ணு இருக்கு, அதையும் மாட்டிக்கவா?"

பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். கொள்முதல் தலைவி மச்சானைப் பார்த்தார். "என்னாச்சு?"

"நிறத்தப் புடிக்கிற வளையம் ஒண்ணு உள்ள இருக்கு மேடம். சூடு ஏறினா வேற நிறத்துக்கு நழுவிடும். புடிச்சு வைக்க ஒரு குட்டி ஹீட்டர் வச்சிருக்கோம்."

"ஹீட்டரா?"

"குளிர்ல சூடாக்கி சரியான எடத்துக்குக் கொண்டு வரும். சூட்டை ஆத்தத் தெரியாது."

"வீடே சூடா இருந்தா?"

"அப்ப அதால ஒண்ணும் ஆகாது மேடம்."

அந்த நேரம் பார்த்துத் திரையில் படம் பளிச்சென்று வந்தது. மனைவி, நெற்றியைத் துடைத்தபடி. போன உயிர் இயக்குநருக்குத் திரும்பியது, கூடவே வாயும். "பார்த்தீர்களா? ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல். நம் சிப்புக்கு எந்தக் கூடமும்..."

"எப்படிம்மா சரி பண்ணீங்க?" என்று கொள்முதல் தலைவி திரையைக் கேட்டார்.

"ஃப்ரிட்ஜுல வச்சேன். தயிர் இருந்த எடத்துல. ஒயரு தடுக்குது, கதவு சாத்த முடியல. பால் கெட்டுடும், சட்டுபுட்டுனு பேசி முடிங்க."

அரங்கு வாய்விட்டுச் சிரித்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி இயக்குநர். கோட்டை நீவிவிட்டு, "ஒளியும் குளிரும் ஒரே கூரையின் கீழ்" என்று ஆரம்பித்தார். "குளிர்சாதனப் பெட்டியோடு ஒருங்கிணைந்த உலகின் முதல்..."

கொள்முதல் தலைவி பேனாவைக் கைப்பைக்குள் போட்டார். "எங்க பெட்டி கம்பத்துலயும் மொட்டை மாடியிலயும் தொங்குது சார். அங்க யாரும் தயிர் வைக்கிறதில்ல."

காபி குடிக்காமலே போய்விட்டார்.

நாற்காலி கைமாறியது. மச்சான் முதல் உத்தரவாக ஏசியை அணைத்து ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். இரண்டாவது உத்தரவு போடுவதற்குள் தூங்கிவிட்டார். இயக்குநர் வீட்டுக்கு வந்து, மின்விசிறிக்கு அடியில் நின்று, கோட்டைக் கழற்றினார்.

மனைவி அதற்குள் பழைய பெட்டியை எடுத்து மாட்டியிருந்தாள். நெட் நன்றாக வந்தது.