எழுவாயைக் காணவில்லை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கால்பந்தைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகையில் விளையாட்டுச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். "ஜாலியா ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். பந்தைக் காலால் உதைப்பார்கள் என்பதற்கு மேல் எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் குடும்பத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் நடமாடும்போது எனக்கென்ன கவலை? என் அக்காவின் கணவரைத்தான் சொல்கிறேன். அத்தான் பேசுவதை அப்படியே எடுத்து எழுதினாலே நான்கு பக்கம் நிரம்பிவிடும் என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அத்தானுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று இருந்தால், அது இருப்பதே அவருக்குத் தெரியாமல்தான் இருக்க வேண்டும்."

நன்றாகத்தானே இருக்கிறது? அதைத் திரும்பத் திரும்பப் படித்து நானே சிரித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை.

[அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். மனசு வரவில்லை. இருக்கட்டும், பின்னால் உதவலாம்.]

2.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிப் பள்ளியின் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேர்த்துக்கொட்டும் மாணவர் எங்கேயும் இறங்கி ஓட முடியாது. அபிப்பிராயங்கள் உள்ள மனிதருக்கு இதைவிட நல்ல உத்தியோகம் அமையுமா?

"அந்த விங்கர் இருக்கானே, காத்தடிச்சாலே விழுவான். விழுந்துட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து ரெஃப்ரி பாக்குறாரான்னு பாப்பான். இவனெல்லாம் நாடகத்துக்குப் போகவேண்டிய ஆளு. கியரை மாத்துங்க, கியரை."

நாடகம் என்றதும் டிவி சீரியல் வந்துவிடும். "அழறதுக்கா சீரியல் பாக்குறேன்? ஆட்டத்தைக் கவனிக்கணும் மச்சான். கதாநாயகி ஒண்ணுமே பண்றதில்ல. பெனால்டி பாக்ஸ்ல நின்னு அழுதுட்டிருக்கா. மொத்த ஆட்டத்தையும் நடத்துறது வில்லி. நடுக்களம் அவ கையில. எல்லாப் பந்தும் அவகிட்டருந்துதான் கிளம்புது."

அங்கிருந்து அரசியல். "ஆளுங்கட்சி பந்தைத் தங்களுக்குள்ளயே தட்டிக்கிட்டு நேரத்தை ஓட்டுது. எதிர்க்கட்சி ரெஃப்ரிகிட்ட கத்திட்டிருக்கு. கோல் போடணும்னு ஒருத்தனுக்காவது எண்ணம் இருக்கா?"

அங்கிருந்து ஒரே தாவலில் சரித்திரம். "அந்த ராஜா* ஏன் தோத்தான்? யானை, குதிரை எல்லாத்தையும் கொண்டுபோய் முன்னால நிறுத்திட்டான். கோட்டைக்கு யாரு? லெஃப்ட் பேக் இல்லாம ஒரு சாம்ராஜ்யம் நிக்குமா?" இதைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே ஒரு மாணவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டார்.

(*எந்த ராஜா என்று நானும் கேட்டேன். "எல்லா ராஜாவும்தான்" என்றார்.)

3.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. அத்தான் பேசிக்கொண்டே இருப்பார், அக்கா கேட்டுக்கொண்டே இருப்பாள், நடுநடுவே ஒரே வார்த்தையில் அவர் காலை வாரிவிடுவாள். அந்த வீடு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த போன்:

"ஞாயித்துக்கிழமை அவர் உன்கூட போன்ல பேசிட்டிருந்தாருல்ல? என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லல? எல்லாத்தையும்தான் சொன்னாரு."

"விளையாடாதடா. நான் சமையல்கட்டுல இருந்தேன். கேட்டுட்டேன்."

அவள் கேட்டது இது. எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்:

"இருபது வருஷம் ஆச்சு. முட்டி தேஞ்சு போச்சு. குனிஞ்சா நிமிர முடியல. இனியும் பாவம் பாத்துட்டிருந்தா வேலைக்காகாது. உக்காரவெச்சிட்டு வேற ஆளைக் கொண்டுவந்திடணும்."

"அக்கா, அது யாரைப் பத்தியோ..."

"யாரைப் பத்தி? எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். முட்டி எனக்குத்தான் போச்சு. ரெண்டு மாசமா பல்லைக் கடிச்சிட்டு மறைச்சிட்டிருக்கேன். அதைக் கண்டுபிடிச்சிட்டாரு. கண்டுபிடிச்சிட்டு, என்னம்மா ஆச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. உன்கிட்ட சொல்லிச் சிரிக்கிறாரு."

இப்படிச் சொல்லும்போது அக்கா இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: வேறு ஊரில் புதிய கிளை திறக்கிறார்கள், பொறுப்பாளராகப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"போறேன்னு சொல்லிடப் போறேன்."

"அத்தான்?"

"அவருக்கென்ன, வேற ஆளைக் கொண்டுவரட்டும்." குரல் உடைந்தது. "நீ இதை அவர்கிட்ட சொன்னே, என் மூஞ்சிலயே முழிக்காதே."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் ஒரு எழுத்தாளனாக எனக்கு ஒன்று தோன்றியது, அதை மறைப்பானேன்: அடடா, என்ன அழகான வாக்கியம்! அத்தனை பேச்சிலும் யார் என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. நம் மொழியில் இது ஒரு வசதி. வந்தான், வந்தாள் என்றால் வினையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஆச்சு, போச்சு, முடியல, கொண்டுவந்திடணும் என்று பேசினால் ஆணா பெண்ணா, ராஜாவா ராணியா, ஒரு மண்ணும் தெரியாது.

(காணாமல் போனது எழுவாய் மட்டுமில்லை, செயப்படுபொருளும்தான் என்று இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எனக்கும் தெரியும்.)

வேடிக்கை என்னவென்றால், அன்றிலிருந்து அக்காவும் அதே இலக்கணத்தில்தான் பேசுகிறாளாம். கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி எல்லோருக்கும் தெரிந்த இலக்கணம்தான். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு." யார் வைத்தது? "வேணும்னா போட்டுச் சாப்பிடலாம்." யார் சாப்பிடலாம்? சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாளாம்.

4.

சரி, துப்பறிவோம். அத்தான் வாயில் தினமும் அடிபடுகிறவர்களில் சந்தேகத்துக்கு உரியவர்கள் யார் யார்?

கோல்கீப்பர். அத்தான் உயிரை விடும் அணிக்கு ஏறக்குறைய இருபது வருஷமாக அதே ஆள்தான். முட்டியில் அறுவை சிகிச்சை ஆனவர். போன மாதம் காலுக்கு நடுவே பந்தை விட்டார். எல்லாம் பொருந்துகிறது.

மந்திரி. இவரும் இருபது வருஷமாக நாற்காலியை விட்டு இறங்கவில்லை. சபைக்கே இரண்டு பேர் தாங்கித்தான் கூட்டிவருகிறார்கள். ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை உட்காரவைப்பது எப்படி?

சீரியல் மாமியார். தொடர் பன்னிரண்டு வருஷமாகத்தான் ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இருபது மாதிரி இருக்கும்.

ராஜா. முட்டி வலி பற்றிக் கல்வெட்டு எதுவும் இல்லை.

ஐந்தாவது, அக்கா. அவளுக்கும் எல்லாம் பொருந்துகிறது. மாடிப்படியில் அவள் வலது முட்டியில் கையை ஊன்றி ஏறுவதை அத்தான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று ஒரு காட்சி வைத்தால் போதும், கதை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். வைக்கலாமா? கை அரிக்கிறது. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் நிஜமாகவே அந்த வீட்டில் இருக்கிறார்களே.

"சந்தேகம் எதுக்குய்யா, போனில் மறுமுனையில் இருந்தவன் நீதானே" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு பாடப்புத்தகத்தில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானின் பேச்சுக்கு நடுநடுவே 'உம்' போட்டேன். ஒரே சாட்சி நான்தான். நானும் கேட்கவில்லை.

5.

சனிக்கிழமை பயிற்சி மைதானத்துக்கே போய்விட்டேன். அத்தான் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்கக்கா பேசமாட்டேங்குறாடா. நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

முதலில் சுற்றி வளைத்தேன். "ஞாயித்துக்கிழமை யாரையோ உக்காரவெச்சிட்டு வேற ஆளைக் கொண்டுவரணும்னு சொன்னீங்களே, யாரை?"

"நானா? கோல்கீப்பரா இருக்கும். இல்ல, மந்திரியைப் பத்தியும் பேசினோமே. இரு, அந்த மாமியார் வேஷம் போடுறவங்களைச் சொன்னேனோ?" நெற்றியைத் தேய்த்தார். "எல்லாத்துக்கும் சரியாத்தானடா இருக்கு. நீதான கேட்டுட்டிருந்த, நீ சொல்லு."

[இங்கே என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சமையல்கட்டு, இருபது வருஷம், முட்டி, புதிய ஊர், திங்கட்கிழமை.

அத்தான் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? "ஐயய்யோ, அது கோல்கீப்பர்டா" என்று அலறுவார் என்றுதான் நானும் நினைத்தேன். ஊருக்குப் போவதைக் கேட்டுப் பதறுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் விட்டுவிட்டார்.

"அவளுக்கு முட்டி வலியா?"

"ரெண்டு மாசமா."

"எனக்குத் தெரியாதேடா."

பின்னால் பல் டாக்டர் அம்மா வண்டியை அணைத்து, கிளப்பி, மறுபடி அணைத்தார். அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சட்டென்று உறைத்தது. கேஸ் முடிந்துவிட்டது! மனைவிக்கு முட்டி வலி என்றே தெரியாத மனிதர் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்க முடியாது. அத்தான் சுத்தமாக நிரபராதி. எனக்கு ஒரு நொடி குதிக்கத் தோன்றியது. அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். கோல்கீப்பரின் இடது முட்டியில் எந்தத் தசைநார் கிழிந்தது, எந்த ஆட்டத்தில், யார் மோதி என்று சொல்லக்கூடிய மனிதர். அதே வீட்டில் ஒருத்தி இரண்டு மாதமாக நொண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். குற்றம் செய்யவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் குற்றத்தைவிட மோசமாக இருந்தால் அவர் என்ன செய்வார்?

மெதுவாகக் கேட்டார்.

"எந்த முட்டி?"



6.

முடிவுகள்.

(அ) அத்தான் வீட்டுக்கு ஓடிப்போய், "கேப்டனைப் போய் யாராவது பெஞ்சில உக்காரவைப்பாங்களா?" என்கிறார். அக்கா சிரித்துவிடுகிறாள். [அத்தான் இப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் எழுதினேன். பத்திரிகைக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்குக் கூசுகிறது.]

(ஆ) அக்கா ஊருக்குப் போய்விடுகிறாள். அத்தான் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து வில்லியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, திரும்பிப் பார்க்கிறார். அங்கே [இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

(இ) திங்கட்கிழமை காலை அக்கா

இல்லை. இதை முடிக்க வேண்டியது நான் இல்லை. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்கா. பத்திரிகைக்குப் போகும் முன் அவளுக்குத்தான் போகும். இதுவும் போகிறது, இன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமை. மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

அக்கா, வாக்கை மீறிவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவர் உன்னைக் கேலி செய்யவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. இதைக் கேட்டால் உனக்கு ஆறுமா, இன்னும் எரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. புதிய வேலை உனக்கே பிடித்திருந்தால் போ, யாரும் உன்னைத் தடுக்கக் கூடாது. நான்தான் பெட்டி தூக்குவேன். ஆனால் கோல்கீப்பருக்காகப் போகாதே.

இன்னொன்று. மேலே ஒரு பிழை இருக்கிறது, பார்த்தாயா? மூன்றாம் பகுதியில் நீ இடது முட்டியைத் தேய்க்கிறாய். நான்காம் பகுதியில் வலது முட்டியில் கை ஊன்றுகிறாய். நீ போனில் முட்டி என்று மட்டும்தான் சொன்னாய். மீதியை நான் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டேன். எந்த முட்டி என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. பிழை திருத்துவது என் தொழில் வேறு. இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். எதை என்று நீ சொன்னால்தான் உண்டு.

ஒருவேளை நீ இதைப் படிப்பதற்குள் அவரே சமையல்கட்டு வாசலில் வந்து நின்று "எந்த முட்டி?" என்று கேட்கலாம். அவர் கேட்டால் அப்படித்தான் கேட்பார், யாருடையது என்று சொல்ல மாட்டார். கோல்கீப்பரைப் பற்றி என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆளுக்கு இடது. அது அவருக்குத் தெரியும்.