எதுவும் முளைக்காத வயல்

சுகிர்தா காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். குரும்பகரத்திலிருந்து ஸ்கூட்டியில் போய்வருவாள். வீடு திரும்பியதும் மடிக்கணினியைத் திறந்து, அவள் பிறப்பதற்கு முன்பே வந்த ஒரு ஜப்பானிய வீடியோ கேமுக்குப் புதுப் படம் வரைவாள். அந்தக் காலத்து கேமில் மரம் என்றால் நாலு பச்சைக் கட்டம், அவ்வளவுதான். அதை இன்னும் விடாமல் ஆடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கூடி, பழைய படங்களின் மேல் தெளிவான படங்களைப் போர்த்துகிற ஒரு பேட்ச் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. கேம் தொடங்கும்போது பெயர் மட்டும் வரும். அந்தப் பெயருக்காகத்தான் சுகிர்தா உயிரை விட்டாள். கல்லூரியில் அவள் செய்கிற வேலைக்கெல்லாம் கையெழுத்துப் போடுவது வேறொருவர்.

போரில் அழிந்த ஓர் ஊரின் வயல்வெளி அவள் பங்குக்கு வந்தது. வயல்தானே, நமக்குத் தெரியாத வயலா என்று ஒரே மூச்சில் வரைந்து அனுப்பினாள். நெல் அறுத்த தாள், தாளுக்கு நடுவே தளதளவென்று உளுந்து. குரும்பகரத்தில் சம்பா அறுப்புக்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த வயல் வெறுமனே கிடந்து அவள் பார்த்ததில்லை.

குழுவை நடத்துகிற போலந்துக்காரருக்கு உளுந்து தெரியாவிட்டாலும் செடி தெரியும். கேமில் அந்த வயலில் நின்றுகொண்டு ஒரு கிழட்டுச் சிப்பாய், 'இந்த மண்ணில் இனி எதுவும் முளைக்காது' என்கிறான். அவன் காலடியில் பச்சைப் பசேலென்று உளுந்து. குழுவே சிரித்துத் தீர்த்தது.

உளுந்தைப் பிடுங்கிவிட்டு அனுப்பினாள். 'விதைக்கக் காத்திருக்கும் நிலம் போல இருக்கிறது' என்று பதில் வந்தது. தாளைக் கொளுத்தி, மண்ணைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்து மறுபடி அனுப்பினாள். 'இந்த நிலத்தை இன்னும் யாரோ பராமரிப்பது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியிடுகிறோம். அதற்குள் சரியாகாவிட்டால் பழைய படமே இருக்கட்டும்' என்றார் அவர். சுகிர்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இதைவிட ஒரு நிலத்தை எப்படித்தான் சாகடிப்பது?

சனிக்கிழமை காலையில் மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மண் மாறியிருந்தது, நிறம் மாறியிருந்தது. மூன்றிலும் மாறாமல் இருந்தது வரப்பு. செதுக்கி, சேறு பூசி, நூல் பிடித்தது போன்ற வரப்பு. அதை வரைந்ததே அவளுக்கு நினைவில்லை. கை தானாகப் போட்டிருந்தது.

போடாமல் என்ன செய்யும்? வளர்ந்த வீடு அப்படி. அவள் அப்பா அம்பலவாணனும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தியதே இருவர் வயலுக்கும் நடுவே உள்ள ஒரு வரப்பால்தான். அண்ணன் ஆண்டுக்கு ஒரு மண்வெட்டிக் கொத்தாக வரப்பை அரிக்கிறார் என்பது தம்பியின் கட்சி. தம்பிதான் அரிக்கிறான் என்பது அண்ணனின் கட்சி. கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள்.

சுகிர்தா வரப்பை ஒவ்வொன்றாக அழித்தாள். கை கூசத்தான் செய்தது. கடைசி வரப்பும் போனபோது எது யார் வயல் என்றே தெரியவில்லை. வெறும் மண் கிடந்தது. பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'இதுதான். பெயரை எப்படிப் போட வேண்டும்?'

அவள் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். கைப்பேசிக்குச் சார்ஜர் தேடி உள்ளே வந்த அம்பலவாணன் திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, வயலா? வரப்பக் காணும்?"

"நாந்தாம்ப்பா எடுத்துட்டேன்."

"அப்ப எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"யாருதும் இல்லப்பா. செத்துப்போன நெலம்."

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒங்க பெரியப்பா கண்ணுல மட்டும் இது பட்டுடாமப் பாத்துக்க."